"முடியல சிஸ்டர்": கிராமப்புற சுகாதார ஊழியர்களின் பணிச்சோர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஎச்என் எனப்படும் கிராம சுகாதார செவிலியர்களை மேற்பார்வை செய்யும் பகுதி சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் போன் வருவது நிற்கவில்லை. கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் துணை சுகாதார நிலையங்களில் இருக்கும் விஎச்என்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸுகள், சில சமயம் இளம் டாக்டர்கள். பேச்சு ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் ஆரம்பித்து "முடியல சிஸ்டர்" என்பதில் போய் நிற்கும். கேட்கிற சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றேதான் என்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசு சுகாதாரத் துறையை மனதில் வைத்து எழுதியது இது.

1. "ஞாயித்துக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தேன். திங்கக்கிழமை காலைல எழுந்திருக்கவே முடியல. இது சாதா அசதியா, இல்ல பணிச்சோர்வா?"

சாதாரண அசதி ஓய்வெடுத்தால் போய்விடும். புதன்கிழமை தடுப்பூசி முகாமை முடித்து, வாக்சின் கேரியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேரும்போது கால் கடுக்கும். இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும். தூங்கி எழுந்தும் போகாத அசதி வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பணிச்சோர்வுக்கு (பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும் வருவது, நம்மால் இதைச் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற நினைப்பு வருவது. முதலாவதை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். நான் கவனிக்கச் சொல்வது இரண்டாவதை. "கிழக்குத் தெரு செல்விக்கு ஏழாம் மாசம், கால் வீக்கம் வடிஞ்சுதா தெரியல" என்று பேசிக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் "அந்த ஹை ரிஸ்க் கேஸ்" என்று மட்டும் சொல்வார். வாசலில் யாராவது கூப்பிட்டால், என்ன ஏதென்று கேட்பதற்கு முன்பே எரிச்சல் வரும். இதை உங்களிடம் பார்த்தால் அலட்சியமாக விடாதீர்கள்.

2. "அப்ப இது ஒரு வியாதியா? மாத்திரை இருக்கா?"

வியாதி இல்லை. பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில், 2019-ல், இதை வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் சேர்த்தார்கள். சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை நெருக்கடியால் வருவது என்பது அதன் விளக்கம். அதாவது கோளாறு ஊழியரின் மனசில் மட்டும் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது. 1974-ல் இதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஒரு இலவச கிளினிக்கில் வேலை பார்த்தவர். அர்ப்பணிப்போடு வந்தவர்கள்தான் சீக்கிரம் துவண்டுபோனார்கள் என்று அவர் கண்டார். சோம்பேறிக்கு இது வருவதில்லை.

ஆனால் ஒன்று. அசதிக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஊரில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கெல்லாம் எச்பி (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிற நர்ஸம்மா தன் எச்பியைப் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும். முதலில் எச்பி, தைராய்டு, சுகர், பிபி நான்கையும் பாருங்கள். மாதவிடாய் நிற்கும் வயது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனச்சோர்வு நோய் வேறு. பணிச்சோர்வில் வேலையை நினைத்தால்தான் மனசு சுருங்கும். லீவில் தங்கச்சி வீட்டுக்குப் போனால் சிரிப்பு வரும். மனச்சோர்வு நோயில் தங்கச்சி வீட்டிலும் சிரிப்பு வராது. சாப்பாடு, தூக்கம், பிள்ளைகள் எதிலும் பிடிப்பு இருக்காது. அதற்குச் சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு. ஒன்று முற்றி மற்றதில் கொண்டுபோய் விடுவதும் நடக்கிறது.

3. "டவுன் ஆஸ்பத்திரியிலயும்தான் கூட்டம் அலைமோதுது. கிராமத்துல மட்டும் என்ன தனியா கஷ்டம்?"

அங்கே கூட்டம் அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்தால் அடுத்தவரிடம் கேஸை ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறலாம். துணை சுகாதார நிலையத்தில் ஒப்படைக்க ஆள் கிடையாது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை நிலையத்துக்கான தேசிய அளவுகோல். தமிழ்நாட்டில் இப்படி 8,700-க்கும் மேல் இருக்கின்றன. பக்கத்து ஏரியா காலியாக இருந்தால் அதுவும் "இன்சார்ஜ்" என்று உங்கள் தலையில்தான் விழும். 5,000 பேர் 9,000 பேர் ஆவார்கள், சம்பளம் அதே சம்பளம்.

இன்னொன்று, ஊருக்குள்ளேயே இருப்பது. மளிகைக் கடையில் நிற்கும்போது ஒருத்தர் சட்டையைத் தூக்கிக் கொப்புளத்தைக் காட்டுவார். கோயில் கொடையில் ஒரு மாமியார் வந்து மருமகளுக்கு ஏன் இன்னும் தள்ளிப்போகவில்லை என்று கேட்பார். நீங்கள் சீருடையில் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. அதைவிடக் கனமானது, இறந்துபோகிறவர் கேஸ் நம்பராக இருக்க மாட்டார். அவருடைய கல்யாணத்தில் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

அப்புறம் யாரும் எழுதாத சில விஷயங்கள் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு ஃபீல்டுக்குக் கிளம்பினால் மதியம் வரை கழிவறை கிடைக்காது. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் போய் நீர்க்கடுப்பு வாங்கிக்கொண்ட விஎச்என்கள் எனக்குத் தெரிந்தே பலர். கடைசி பஸ்ஸை விட்டால் யார் பைக்கில் ஏறுவது என்ற கணக்கு இன்னொரு தலைவலி.

4. "எங்க அம்மாவும் விஎச்என்தான். அவங்க இப்படிப் புலம்பினதே இல்லயே?"

அம்மாவின் வேலை உடம்பை முறித்த வேலை. வீட்டுப் பிரசவம், அரிக்கேன் வெளிச்சம், வரப்பில் நடை, அதோடு குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட். அந்த டார்கெட் முறையை 1996-ல் இந்திய அரசு கைவிட்டது. பிரசவங்களும் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனைப் பிரசவம். ராத்திரிப் பிரசவம் விஎச்என் தோளிலிருந்து இறங்கி, 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் தோளில் ஏறியது.

அந்த இடம் காலியாகவே இருந்துவிடவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தப் பட்டியல் வந்தது. டெங்கு வந்தது. கொரோனா தடுப்பூசிக்கு வீடு வீடாகக் கணக்கெடுப்பு வந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை கொண்டுபோகத் தன்னார்வலர்கள் இருந்தாலும் துணை நிலையத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிற முகம் விஎச்என் முகம்தான். ஒவ்வொன்றும் நல்ல திட்டம், நான் எதையும் குறை சொல்லவில்லை. ஒன்று உள்ளே வரும்போது இன்னொன்று வெளியே போவதில்லை என்பதுதான் சிக்கல்.

அம்மா புலம்பவில்லை என்கிறீர்கள். உங்களிடம் புலம்பியிருக்க மாட்டார். அவருடைய தோழிகளைக் கேட்டுப் பாருங்கள்.

5. "ஃபீல்டு வேலை எனக்குப் பிடிக்கும் சிஸ்டர். இந்த எண்ட்ரிதான் உயிரை எடுக்குது. என்ன பண்றது?"

எனக்கு வந்த போன்களில் பாதி இதுதான். ஒரு கர்ப்பிணிக்கு ஒருமுறை பிபி பார்க்கிறீர்கள். அந்த ஒரே எண் தாய் சேய் நல அட்டையில் ஏறும், ஏஎன் (கர்ப்ப காலப் பராமரிப்பு) ரிஜிஸ்டரில் ஏறும், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசு மென்பொருளான பிக்மியில் ஏறும். கொஞ்சம் அதிகமாக இருந்தால் ஹை ரிஸ்க் பட்டியலில் ஏறும், சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கும் எக்செல் தாளிலும் ஏறும். பார்ப்பதற்கு மூன்று நிமிஷம், எழுதுவதற்கு அதைப்போலப் பல மடங்கு. சிக்னல் இல்லாத ஊர் என்றால் ராத்திரி பதினோரு மணிக்கு மாடியில் நின்று ஏற்ற வேண்டும்.

இதில் எது சட்டப்படி வேண்டியது, எது யாரோ வசதிக்காகக் கேட்பது என்று பிரித்துப் பாருங்கள். பிக்மி தவிர்க்க முடியாதது. அதில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் 12 இலக்க ஆர்சிஎச் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழில் தகராறு வரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியும் அதை வைத்துத்தான். குரூப்பில் தினமும் கேட்கும் எக்செல் அப்படியல்ல. பல நேரம் அதிலிருக்கும் விவரம் முழுக்கப் பிக்மியிலேயே இருக்கும். "அங்கிருந்தே எடுத்துக்கொள்ள முடியுமா மேடம்?" என்று மாதாந்திரக் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் சோம்பேறி என்பார்கள், நாலு பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ரிஜிஸ்டர் சரிபார்க்கப் போகும்போது ஒரு பக்கம் முழுக்க எல்லாத் தாய்மாருக்கும் 110/70 என்று இருந்தால், பிபி மெஷின் பையைவிட்டு வெளியே வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த நர்ஸைத் திட்டத் தோன்றும். ஆனால் நேர்மையாக இருந்த ஒருத்தர் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்றால் அது முற்றிய பணிச்சோர்வு. பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே காலியாக விடுங்கள். காலி இடத்துக்குத் திட்டு விழும். பொய் எண்ணின் பின்னால் ஒரு 160/110 ஒளிந்திருந்தால் உயிர் போகும்.

6. "மகப்பேறு பணம் வரலன்னு வீட்டு வாசல்ல வந்து கத்துறாங்க. நான் என்ன பேங்கா?"

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. வங்கிக் கணக்கில் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும், ஆதார் சேராமல் இருந்தாலும், நிதி மேலிருந்து வராவிட்டாலும் மக்களுக்குத் தெரிந்த முகம் உங்கள் முகம்தான். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு சீட்டில் தேதியோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள். "வந்துடும், வந்துடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு அடுத்து கேட்க வேண்டியவர் வட்டார மருத்துவ அலுவலர் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். உங்கள் கையில் இல்லாத தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பதும் ஆளைத் தின்னும்.

7. "ராத்திரி போனை அணைச்சு வெச்சா தப்பா?"

இந்தியாவில் வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமலிருக்கும் உரிமைக்குச் சட்டம் கிடையாது. ஆனால் ராத்திரி வரும் போன்களை ஒரு மாதம் குறித்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை உங்களால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாதவையாக இருக்கும். வலி வந்துவிட்டது என்று கூப்பிட்டால் நீங்களும் 108-ஐத்தான் கூப்பிடப் போகிறீர்கள்.

எனவே பிரசவத் தேதி நெருங்கிய தாய்மாரின் வீட்டுக்கு முன்கூட்டியே போய், 108-ஐயும் ஆரம்ப சுகாதார நிலைய எண்ணையும் அவர்கள் போனிலேயே பதித்துக் கொடுங்கள். வலி வந்தாலோ, உதிரம் போனாலோ, பனிக்குடம் உடைந்தாலோ முதலில் அங்கே, அப்புறம் எனக்கு என்று மாமியாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஹை ரிஸ்க் தாய்மாரின் எண்கள் மட்டும் ஒலிக்கும்படி போனில் அமைத்துவிட்டு மற்றதைச் சத்தமில்லாமல் வைக்கலாம். முழுக்க அணைப்பதை நான் சொல்ல மாட்டேன். அணைத்த ராத்திரி ஏதாவது நடந்துவிட்டால், அதிகாரியைவிட உங்கள் மனசு உங்களைக் கூடுதலாக விசாரிக்கும்.

8. "ரிவ்யூ மீட்டிங்னாலே வயித்தைக் கலக்குது. மெமோ குடுத்தா என்ன ஆகும்?"

முதலில் மெமோவைப் பிரித்துப் பாருங்கள். விளக்கம் கேட்டு வரும் குறிப்பாணை குற்றச்சாட்டு இல்லை. ஒழுங்கு விதிகளின்படி வரும் 17-ஏ சிறு தண்டனைக்கானது, 17-பி பெரிய தண்டனைக்கானது. எதுவாக இருந்தாலும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் பதிலே கொடுக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் ஆளைச் சிக்க வைக்கிறது.

இதற்குத் துணை ஒரு சின்ன டைரி. எந்தத் தேதியில் எந்த வீட்டுக்குப் போனீர்கள், என்ன சொன்னீர்கள், மறுத்தார்களா, யாருக்குத் தகவல் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி. கூடுதல் ஏரியா பார்க்கச் சொன்னால் (3-வது பதிலில் சொன்ன இன்சார்ஜ்) எழுத்தில் ஆணை கேளுங்கள். வாய்மொழியாக வந்த பொறுப்புக்கு வேலை உண்டு, கணக்கு கிடையாது.

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்கும் பழக்கம் பற்றி என் கருத்து: அதனால் ஒரு டார்கெட்டும் கூடியதில்லை. 110/70-கள்தான் கூடின.

9. "என் ஏரியால ஒரு தாய் இறந்துட்டா. ஆடிட் முடிஞ்சு மாசக்கணக்கு ஆச்சு. இன்னும் அந்தத் தெரு பக்கம் போக முடியல."

2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் என்ற கணக்கில் இறந்தார்கள். இந்தியாவுக்கு அது 97. இந்த எண் குறைந்ததில் ஒவ்வொரு இறப்பையும் எடுத்து ஆராய்ந்ததற்கு முக்கியப் பங்கு உண்டு. எங்கே தாமதமானது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஆய்வு, ஆளைப் பிடிக்க இல்லை. நடைமுறையில் கடைசிப் படியில் நிற்பவர் மேல்தான் எல்லார் கண்ணும் விழுகிறது, அது எனக்குத் தெரியும்.

உங்களுக்கு இப்போது இருப்பதைப் பணிச்சோர்வு என்று சொல்ல மாட்டேன். இது துக்கம், அதோடு குற்ற உணர்ச்சி. சாவு வீட்டுக்காரர்களுக்கு அழ இடமிருந்தது, உங்களுக்கு அறிக்கை எழுதத்தான் நேரமிருந்தது. கூட வேலை பார்க்கும் ஒருத்தரிடம் அந்த நாளை முதலிலிருந்து கடைசி வரை சொல்லுங்கள். நடுவில் அறிவுரை சொல்லாதவராகப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தத் தெருவுக்கு முதல் தடவை தனியாகப் போக வேண்டாம். அங்கன்வாடி டீச்சரையோ பக்கத்து ஏரியா சிஸ்டரையோ கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பத் திரும்ப அதே காட்சி வந்து தூக்கம் கெட்டால் 12-வது பதிலைப் பாருங்கள்.

10. "நைட் டியூட்டில நான் ஒருத்தி, கூட ஒரு ஆயாம்மா. குடிச்சுட்டு வர்றவன் டேபிளைத் தட்டுறான். நாங்க யார்கிட்ட போறது?"

2008-லேயே தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கும் மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்துவதற்கும் எதிராகத் தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். ஸ்டேஷனில் புகார் எழுதும்போது இந்தச் சட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். புகாரை நர்ஸ் தனியாகக் கொடுக்காமல் நிலைய மருத்துவ அலுவலர் கொடுப்பது நல்லது. "சமாதானமாப் போயிடலாம்மா" என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். நீங்கள் அந்த ஊரிலேயே இருக்க வேண்டியவர் என்பதும் நிஜம்தான். சமாதானம் ஆனாலும் நடந்ததை எழுத்தில் பதிந்து வையுங்கள்.

சம்பவம் நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஸ்டேஷன் எண்ணை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். வாசல் விளக்கும் உள்தாழ்ப்பாளும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பழுதை எழுதிக் கொடுங்கள்.

11. "ஃபீல்டுல ஒருத்தர் தப்புத் தப்பாப் பேசுறார். அது ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கலயே, புகார் குடுக்க முடியுமா?"

முடியும். 2013-ம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், வேலை நிமித்தமாக நீங்கள் போகும் இடமும் பணியிடம்தான். மேலதிகாரி அனுப்பிய வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலை பிடிக்கவில்லை என்று சொல்லும் சில இளம்பெண்களிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தால், உள்ளே இருப்பது சோர்வு இல்லை, இந்தப் பயம்தான் என்று தெரியவரும்.

12. "மனநல டாக்டரைப் பார்த்தா சர்வீஸ் ரெக்கார்டுல ஏறிடுமா? ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகும்?"

நீங்களாகப் போய்ப் பார்த்தால் எதிலும் ஏறாது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. நீண்ட மருத்துவ விடுப்பு கேட்டால் மட்டும் கதை வேறு. சான்றிதழ் அலுவலகத்துக்குப் போகும், மருத்துவக் குழுவுக்கும் அனுப்பலாம். எனவே எத்தனை நாள் தேவைப்படும் என்று டாக்டரிடம் முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

ஊர் பற்றிய பயம் நியாயம்தான். உங்கள் வட்டாரத்துக்கு வரும் மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் வரிசையில் நின்றால் உங்கள் ஏரியாக்காரர் பின்னால் நிற்பார். பக்கத்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். போகவே தயக்கமாக இருந்தால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

13. "செத்துட்டா நிம்மதின்னு சில சமயம் தோணுது. சும்மா தோணுறதுதானே?"

சும்மா என்று விடக் கூடாது. இப்போதே 14416-ஐக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருத்தரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள், இன்று ராத்திரி தனியாக இருக்காதீர்கள். நம் கைக்கெட்டும் தூரத்தில் மருந்தும் ஊசியும் இருப்பதால் நமக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நிலைய மருந்து அலமாரிச் சாவியைக் கொஞ்ச நாள் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். மற்ற கேள்விகளையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

14. "ஒப்பந்த நர்ஸ் நான். லீவு கேட்டாலே 'வேற ஆள் பார்த்துக்கிறோம்'ங்கிறாங்க. எனக்கு இந்த அட்வைஸ் எல்லாம் பொருந்துமா?"

பாதிதான் பொருந்தும், அதைச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர ஊழியருக்கு வேலைச் சுமை மட்டும்தான் கவலை. உங்களுக்கு அடுத்த வருஷமும் கவலை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்த நர்ஸுகள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு ஊதியம் உயர்ந்தது, ஒரு பகுதியினர் நிரந்தரமும் ஆனார்கள். யோகாவால் அது நடக்கவில்லை. உங்களுக்குச் சங்கம்தான் முதல் மருந்து.

ஒப்பந்தத் தாளில் விடுப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட பல பேரிடம் அந்தத் தாளின் நகலே இருப்பதில்லை.

15. "மன அழுத்த மேலாண்மைப் பயிற்சின்னு ஒரு நாள் கூப்பிட்டாங்க. போனா பிரயோஜனம் உண்டா?"

போங்கள். மூச்சுப் பயிற்சி தூக்கத்துக்கு உதவும், மதியச் சாப்பாடும் கிடைக்கும். அன்றைய எண்ட்ரியை ராத்திரி உட்கார்ந்து போட வேண்டியிருந்தால் மட்டும், பயிற்சி நடத்தியவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

16. "நான் மெடிக்கல் ஆபீசர். ஆள் போடுறதும் ஆப் கொண்டு வர்றதும் என் கையில இல்ல. நான் என்னதான் செய்ய முடியும்?"

நீங்களும் பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, ஓபியையும் பார்த்துக்கொண்டு, மீட்டிங்குக்கும் ஓடுகிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் 1-வது பதில் பொருந்தும். ஆனாலும் உங்கள் கையில் சில விஷயங்கள் உண்டு. நைட் டியூட்டி அட்டவணையை மாத ஆரம்பத்திலேயே ஒட்டி, ஒட்டியதை மாற்றாமல் இருங்கள். செவ்வாய் ஏஎன் கிளினிக், புதன் தடுப்பூசி என்று வாரம் ஏற்கெனவே நெருக்கடியானது; அந்த நாட்களில் அவசர அறிக்கை கேட்காதீர்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் குரூப்பில் கேள்வி போடாதீர்கள். போட்டுவிட்டு "காலையில் பார்த்தால் போதும்" என்று எழுதினாலும் யாரும் காலைவரை காத்திருப்பதில்லை.

மெமோ வந்த நர்ஸுக்குப் பதில் எழுதக் கூட உட்காருங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். அவர் அதை ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். பெண்களைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். டெங்கு சீசனில் உங்கள் சுகாதார ஆய்வாளரின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். ஆண்கள் இதைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள், டாஸ்மாக்கில் போய் நிற்பார்கள்.

17. "பேசாம வேலையை விட்டுடலாமா?"

விடலாம். அது ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் தாய் இறந்த வாரத்திலோ மெமோ வந்த அன்றோ அந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் தொடர்ந்து ஒரு லீவு எடுங்கள். லீவின் கடைசியில் உங்களுக்கு வெறுப்பு எதன் மேல் என்று பாருங்கள். இந்த அதிகாரி மேலா, இந்த ஏரியா மேலா, வேலையின் மேலேயேவா? முதல் இரண்டுக்கு இடமாற்றக் கலந்தாய்வு இருக்கிறது.

மூன்றாவது என்றால் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போய்க் கணக்குக் கேளுங்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் முந்தைய சேவைக் காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். விருப்ப ஓய்வு அப்படியில்லை, அதற்குரிய சேவைக் காலம் முடிந்திருந்தால் முறையாக நோட்டீஸ் கொடுத்துப் போகலாம். கோபத்தில் ஒரே வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

18. "ரெண்டு வாரம் லீவு எடுத்தேன், நல்லாத்தான் இருந்தது. திரும்பிப் போனா அதே வேலைதானே?"

அதே வேலைதான். திரும்பி வரும் முதல் வாரத்தை மட்டும் கொஞ்சம் யோசித்து அமைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், புதனில் சேராதீர்கள், வியாழனில் சேருங்கள். உங்கள் ஏரியாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரிடம் ஹை ரிஸ்க் தாய்மார் பட்டியலையும் தடுப்பூசி டியூ லிஸ்ட்டையும் மட்டும் வாங்குங்கள். விட்டுப்போன எண்ட்ரிகளை ஒரே ராத்திரியில் முடிக்க உட்கார வேண்டாம். தினமும் கொஞ்சம் என்று பிரித்து, எப்போது முடியும் என்ற தேதியைப் பகுதி சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாள் பட்டியலில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் போங்கள். பிபி மெஷின் பேட்டரியைக் கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் சும்மா கிடந்திருக்கும்.